சங்கிலி இல்லாத தடம்

பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து ஒன்றரை மணிக்குத் திரும்பிய கார்லீன், சாலையிலிருந்து வீட்டுப்பாதைக்குள் காரைத் திருப்பியதும் பிரேக்கை மிதித்தாள். காலையில் அவள் கிளம்பிய பிறகு பெய்த பத்து அங்குலப் பனியும் அள்ளி எறியப்பட்டு, நானூறு அடி நீளப் பாதை ஃபிர் மரங்களுக்கு நடுவே வெள்ளை நாடா போலச் சுத்தமாகக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பனி மேற்குப் பக்கம் எறியப்பட்டிருந்தது. ஏரியிலிருந்து காற்று வடமேற்காக வரும் எங்கள் பக்கத்தில், பனியை மேற்கே எறிகிறவன் அதில் பாதியை மறுபடியும் தன் தலையில்தான் வாங்கிக்கொள்வான். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் கணவன் ரூடியோ முப்பத்தொரு வருடம் மாவட்டச் சாலைத் துறையில் பனி வாரும் லாரி ஓட்டியவன். அவன் கையால் பனி மேற்கே போய் அவள் பார்த்ததே இல்லை.

இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். ரூடியின் சிவப்பு ட்ராக்டர் முப்பது வருடத்துப் பழையது. முன்னால் பக்கெட், பின்னால் பனியை அரைத்துக் குழல் வழியாக வீசும் ப்ளோயர், வழுக்காமலிருக்கப் பின்சக்கரங்களில் கனத்த சங்கிலி. அது போன இடத்தில் ஏணியைப் படுக்க வைத்த மாதிரித் தடம் விழும். இன்று தரையில் இருந்தது அம்புமுனைகளை அடுக்கிய மாதிரி வெறும் டயர் வரி. சக்கரங்களின் இடைவெளியும் குறைவு. வேறு யாரோ, வேறு ஒரு வண்டியில் வந்து போயிருக்கிறார்கள்.

ரூடி சமையலறை மேசையில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"பாதையப் பாத்தியா? செம கனம். ஈரப் பனி. ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு" என்றான்.

"நீயா அள்ளின?"

"பின்ன? உங்க தலைமை ஆசிரியரா வந்து அள்ளுவாரு?"

சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் காதுக்கு அந்தப் பக்கம், குளிர்சாதனப் பெட்டியின் மேல் எதையோ பார்த்துச் சொன்னான். கொஞ்ச மாதமாகவே அப்படித்தான். அவள் சுடுதண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ட்ராக்டரின் எஞ்சின் மூடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ப்ளோயரின் வாயிலும் குழலிலும் பனி ஒட்டியிருந்தது. ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரை அவள்தான் எண்ணெய் மாற்றுவதற்காக நாட்காட்டியில் குறித்து வைப்பாள். அது ஞாயிற்றுக்கிழமையை விட இரண்டு மணி கூடுதலாகக் காட்டியது. ஆக, வண்டி ஓடியிருக்கிறது. ஆனால் பாதையில் அதன் தடம் இல்லை. குப்பைப் பையைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

அன்றிலிருந்து அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். முப்பத்தாறு வருடக் கல்யாணத்தில் ரூடி அவளிடம் பொய் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. பீர் எத்தனை, மீன் எவ்வளவு நீளம், இதெல்லாம் எல்லா ஆண்களும் சொல்வதுதான். இது அந்த ரகமாக இல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே மற்றவை வந்தன. நவம்பரில் மான் வேட்டைக் குடிசைக்குப் போகிறேன் என்று மூன்று நாள் போனவன் துப்பாக்கியைத் துடைக்கக்கூட இல்லாமல் திரும்பினான். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு இப்போதெல்லாம் வர மறுக்கிறான். முழங்கால் வலிக்கிறது என்று பிக்கப் வண்டியின் சாவியை அவளிடமே கொடுத்துவிடுகிறான். ஆனால் அந்த முழங்காலோடு மாடிப்படி ஏறும்போது ஒரு முனகல் இல்லை. ஃபோன் வந்தால் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போகிறான். நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்பது எல்லாவற்றுக்கும் மேல்.

சமையலறையில் அவளோடு வேலை செய்யும் பெக்கிடம் தடத்தைப் பற்றி மட்டும், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"டோரி புதுசா வாங்கியிருக்காளே, கண்ணாடிக் கூண்டு வச்ச ட்ராக்டர், அதுக்குச் சங்கிலி கிடையாது" என்றாள் பெக், உருளைக்கிழங்கைச் சீவியபடி. "உள்ள ஹீட்டர் இருக்காம். பாட்டுப்பெட்டி இருக்காம். ரெண்டு பேர் உக்கார எடம் இருக்கான்னுதான் தெரியல."

"வாயக் கழுவு."

"நான் என்னடி சொன்னேன்? ட்ராக்டரப் பத்திச் சொன்னேன்."

டோரி நான்கு வருடம் முன்பு கணவனைப் பிரிந்து தெற்கிலிருந்து வந்தவள். அதே சாலையில் அரை மைல் தள்ளி, பழைய பால்பண்ணை வீட்டில் தனியாக இருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. சத்தமாகச் சிரிப்பாள். கார்லீனுக்கு அவள் மேல் இதுவரை எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. இப்போது, கடையில் ரொட்டி மாவு வாங்கும்போது அந்தச் சிரிப்பு அடுத்த வரிசையிலிருந்து கேட்டால், எதை எடுக்க வந்தோம் என்பது மறந்துபோனது.

ஒரு வியாழக்கிழமை மாலை, மறுநாள் பனி என்று வானொலியில் சொன்னதும், ரூடி சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குள் போகும் வரை காத்திருந்தாள். அவன் உள்ளே சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் கொட்டகைக்குப் போய், மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சால் ட்ராக்டரின் பின்சக்கரச் சங்கிலியில், தரையைத் தொடும் கண்ணியில் ஒரு பொட்டு வைத்தாள். அதற்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் இன்னொரு பொட்டு. சக்கரம் ஒரு சாண் நகர்ந்தாலும் இரண்டும் பிரிந்துவிடும். எழுந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அறுபத்திரண்டு வயதில், கட்டின புருஷனுக்குக் கண்ணி வைக்கிறேனே என்று நினைத்தாள். ஆனாலும் பொட்டைத் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு அங்குலம் பெய்தது. அவள் திரும்பி வந்தபோது பாதை சுத்தம். ரூடி, "போல்ட் ஒண்ணு போயிடுச்சு. எதோ கட்டை சிக்கியிருக்கும்" என்று அலுத்துக்கொண்டான். ஏதாவது சிக்கினால் ப்ளோயர் உடையாமல் இருக்கத் தானே முறிந்துகொள்ளும் அந்தச் சின்ன போல்ட்டின் இரண்டு துண்டுகளையும் மேசையில் சாட்சியாக வைத்திருந்தான். அவள் கொட்டகைக்குப் போனாள். மூடி சூடு. ப்ளோயரில் பனி. மீட்டரில் ஒன்றரை மணி கூடியிருக்கிறது. முறிந்த இடத்தில் புது போல்ட் பளபளத்தது. குனிந்தாள். இரண்டு சிவப்புப் பொட்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று, வைத்தது வைத்தபடி இருந்தன.

வண்டி ஓடியிருக்கிறது, ஆனால் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் வண்டியை இங்கே உறும விட்டுவிட்டு அந்த மனுஷன் எங்கே இருந்தான்? யாரோடு?

கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம்தான் அவளைத் தடுத்தது. அந்த வாரக் கடைசி முழுவதும், பேசாமல், நன்றாகச் சமைத்துப் போட்டாள். இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியை அவன் தட்டில் இரண்டாக வைத்தாள். அவன், "என்ன விசேஷம்?" என்று அவள் தோளைப் பார்த்துக் கேட்டான்.

புதன்கிழமை புயல். பத்து மணிக்கே பள்ளியை மூடி, பேருந்துகளை அனுப்பிவிட்டார்கள். கார்லீன் வீட்டுக்கு ஃபோன் செய்யவில்லை. காரைச் சாலையோரம், அஞ்சல் பெட்டிகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மேலங்கியின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மரங்களின் ஓரமாக நடந்தாள். பாதையின் நடுவில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, கண்ணாடிக் கூண்டு வைத்த ட்ராக்டர் பனியை மேற்கே எறிந்துகொண்டு போனது. கூண்டுக்குள் ஒரே தலை. டோரி மட்டும்தான்.

அப்படியானால் ரூடி?

கொட்டகையின் பெரிய கதவு புகை போவதற்காக முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே சிவப்பு ட்ராக்டர் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ரூடி வெளியே வந்தான், ஒரு மண்வாரி நிறையப் பனியை அள்ளினான், உள்ளே போனான். ப்ளோயரின் வாயில் கொட்டினான். கையுறையால் அதைச் சந்துகளுக்குள் திணித்து அழுத்தினான். இன்னொரு மண்வாரி கொண்டுவந்து குழலின் மேல் தட்டினான். பிறகு கொஞ்சம் எடுத்து இருக்கையின் மேல் தூவினான். திருவிழாவுக்குக் கேக் அலங்கரிக்கிறவன் போல ஒவ்வொரு இடத்தையும் தடவித் தடவிச் சரிபார்த்தான்.

கார்லீன் தன்னை அறியாமல் வாசலுக்கு வந்துவிட்டாள். எட்டடி தூரம். தொப்பி பின்னால் விழுந்து முகம் முழுக்கத் தெரிய நின்றாள். ரூடி நிமிர்ந்தான். அவளைத்தான் பார்த்தான்.

"முடிஞ்சுதா டோரி?" என்று இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "வீட்டுக்கிட்ட ஓரத்த இன்னும் கொஞ்சம் உள்ள இழுத்து வெட்டு. போன தடவ கோணலா இருந்ததுன்னு நெனைக்கிறேன். அவளுக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை."

அவள் அசையவில்லை. அவன் தலையைச் சாய்த்து, அவளுக்கு இடப்பக்கம் கதவுச் சட்டத்தைப் பார்த்தான், பிறகு வலப்பக்கம். மூஞ்சியில் ஒரு குழப்பம் வந்தது. அவன் மறுபடி வாய் திறப்பதற்குள் அவள் கையை உயர்த்தி, சரி என்பது போல ஆட்டிவிட்டுப் பின்வாங்கி மரங்களுக்குள் போய்விட்டாள்.

டோரி அவளைப் பார்த்துவிட்டாள். வண்டியை நிறுத்திக் கூண்டின் கதவைத் திறந்தாள்.

"எத்தன நாளா?" என்றாள் கார்லீன்.

"டிசம்பர்லேர்ந்து தெரியும். பாதை அள்ளறது ஒரு மாசமாத்தான். எறங்கி நேரா உங்க வீட்டுக்கு வந்து சொல்லிடணும்னு நாலு தடவ கிளம்பியிருக்கேன்."

"கண்ணா?"

"நடுவுல கறுப்பாயிடுச்சாம். ஓரம் மட்டும் தெரியுதாம். ஆள நேரா பாத்தா மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணும் இருக்காதாம். தள்ளிப் பாத்தாத்தான் கொஞ்சம் தெரியுமாம். மான் சீசன்ல போய் டாக்டரப் பாத்திருக்காரு. அத நிறுத்தி வைக்கலாமாம், போனத திருப்ப முடியாதாம்."

"உங்ககிட்ட ஏன் சொன்னான்?"

"என் அஞ்சல் பெட்டிய பிக்கப்பால இடிச்சுட்டாரு. மறுநாள் நடந்தே வந்து, கம்பம் நட்டுக் குடுத்துட்டு, அப்புறம் சொன்னாரு. இடிக்கலேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது." டோரி கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தாள். "அதுக்கப்புறம் அவர் சாவியத் தொடல. அதுக்கு நான் சாட்சி. ஆனா வேற எதாவது நெனச்சிருந்தீங்கன்னா..."

"நெனச்சேன்" என்றாள் கார்லீன்.

"அட, கடவுளே" என்றாள் டோரி. அவளுக்கு அந்தப் பெரிய சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

கார்லீன் காரைக் கிளப்பிக்கொண்டு ஏரிக்கரைப் பூங்காவில் போய் நிறுத்தி, ஒன்றரை மணி வரை கண்ணாடி துடைப்பான் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டோரி இல்லை என்றதும் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்னொருத்தியோடு படுத்திருந்தால்கூட இன்னொரு விதமாகக் கோபப்பட்டிருக்கலாம். இது வேறு. மூன்று மாதமாக ஒரே மேசையில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு அவள் முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதை அரை மைல் தள்ளி இருப்பவளிடம் சொல்லியிருக்கிறான். டாக்டர் நிறுத்தி வைக்கலாம் என்றாரே, அதற்கு மருந்து போடுகிறானா? யார் கூட்டிப் போகிறார்கள்? முழுப் பொய்யிலும் எது வரை டோரிக்குத் தெரியும், அவளிடமும் எவ்வளவு மறைத்திருப்பான்? ஒரு சந்தேகம் போன இடத்தில் நாலு முளைத்திருந்தன.

வழக்கமான நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். "செம புயல்" என்றான் ரூடி. "மூணு மணி நேரம்." அவள் பூட்ஸைக் கழற்றியபடி, "ரொம்ப அழகா வெட்டியிருக்க. ஏன் மேற்க எறியற?" என்றாள். "காத்து மாறிடுச்சு" என்றான். அவனாகச் சொல்லட்டும் என்று வியாழன் காத்திருந்தாள், வெள்ளி காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை பதினாறு அங்குலம். கார்லீன் வீட்டில் இருந்ததால் டோரி வர முடியாது. ரூடி இரண்டு முறை ஜன்னலுக்குப் போய் வந்தான். "நிக்கட்டும். மத்தியானம் பாத்துக்கலாம்" என்றான். அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏதோ ஒரு கெட்ட பிடிவாதம் வந்துவிட்டது. "நின்னுடுச்சே" என்றாள், பாத்திரம் கழுவியபடி. "எனக்குக் கடைக்குப் போகணும்."

ரூடி கனத்த ஆடையை மாட்டிக்கொண்டு போனான். கொட்டகையிலிருந்து சங்கிலிச் சத்தத்தோடு ட்ராக்டர் வந்தது. பின்னால் மாட்டிய ப்ளோயர் என்பதால் பின்னோக்கித்தான் ஓட்ட வேண்டும், உடம்பைத் திருகி, தோளுக்கு மேல் பார்த்தபடி. கை தயங்கவில்லை. ப்ளோயரை இறக்கினான், சுழல விட்டான், குழலைக் கிழக்கே திருப்பினான். பனி விசிறியாக எழுந்து அழகாகப் போய் விழுந்தது. முதல் முப்பது அடி நேர்கோடு. கார்லீன் கையில் நுரையோடு ஜன்னலில் நின்றாள். அந்த ஒரு நிமிடம், டோரி சொன்னதே பொய்யோ என்றுகூடத் தோன்றியது.

பிறகு கோடு வளைந்தது. மெல்ல, தெரிந்தே செய்வது போல, வீட்டின் பக்கமாக. அங்கே பனிக்கு அடியில், மூடி கூடத் தெரியாமல் புதைந்து கிடந்தது காஸ் தொட்டி. வீட்டின் அடுப்பும் கணப்பும் எரிவது அதிலிருந்துதான். ப்ளோயரின் பற்கள் அதை நோக்கித் தின்றுகொண்டே வந்தன.

செருப்பு கூட இல்லாமல், காலுறையோடு ஓடினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். கேட்கவில்லை. கடைசியில் ட்ராக்டரின் பக்கவாட்டில் போய் அவன் தொடையில் இரண்டு கையாலும் குத்தினாள். அவன் கிளட்சை மிதித்தான். பற்கள் சுற்றி நின்றபோது தொட்டிக்கும் அவற்றுக்கும் இடையில் இரண்டு கை நீளம் இருந்தது.

"என்ன ஆச்சு?" என்றான்.

"உன் பின்னால என்ன இருக்கு, சொல்லு."

அவன் திரும்பிப் பார்த்தான். தலையைச் சாய்த்து, ஒரு ஓரத்தால், பிறகு மறு ஓரத்தால். முகம் வெளிறியது. அவன் எதையும் பார்த்தானா, ப்ளோயரின் சத்தத்தை வைத்தும் வீட்டின் தூரத்தை வைத்தும் கண்டுகொண்டானா தெரியவில்லை.

"புதன்கிழமை கொட்டகை வாசல்ல நின்னது டோரி இல்ல. நான்."

ட்ராக்டர் முனகிக்கொண்டிருந்தது. ரூடி இருக்கையிலேயே உட்கார்ந்து கையுறைகளைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் இன்னிக்கு என்னைய ஏத்தி விட்டியா?" என்றான்.

பனியில் நின்ற அவள் கால் மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள் கடைசியில். "அந்தப் பொம்பளகிட்டச் சொன்னியே."

"அவகிட்டச் சொன்னா அவ அழ மாட்டா."

"நான் அழறேனா இப்ப?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றான் ரூடி. பிறகு, குரல் இறங்கி, "போய் பூட்ஸ மாட்டிட்டு வா. வெரலு போயிடும்."

அவள் பூட்ஸும் மேலங்கியும் மாட்டி வந்தபோது அவன் இறங்கி நின்றிருந்தான். அவள் ஏறினாள். அவளுக்கு ட்ராக்டர் ஓட்டத் தெரியும், ஆனால் ப்ளோயரோடு ஓட்டியதில்லை. "மெதுவா விடு. கிளட்ச முழுசா மிதிச்சுட்டுத்தான் ப்ளோயர் கம்பியத் தொடணும். உடைச்சுடாத" என்றான். "உடைச்சா நீதான் மாத்துவ, போல்ட் மாத்தறதுல பெரிய ஆளாச்சே" என்றாள். அவன் பக்கத்தில் நடந்தான், ஒரு கை சக்கரத்தின் மேல்மூடியைத் தொட்டபடி. சத்தம் மாறும்போதெல்லாம் தட்டினான். கனம் அதிகம், மெதுவாக. இப்போது பரவாயில்லை, போ. எல்லாம் அந்தத் தட்டலிலேயே சொன்னான். ஒரு இடத்தில் அவள் நிறுத்தி, "டாக்டருக்கு மறுபடி எப்பப் போகணும்?" என்று கேட்டாள். "மார்ச்ல" என்றான் ரொம்ப வேகமாக. அந்த வேகத்தை அவள் மனதில் குறித்துக்கொண்டாள். நாட்காட்டியைத் தேடிப் பார்க்க வேண்டும். டாக்டருக்குத் தானே ஃபோன் செய்ய வேண்டும்.

சாலை முனைக்கு வந்தார்கள். மாவட்ட லாரி தள்ளிவிட்டுப் போன கட்டிப் பனி இடுப்பளவு மேடாகப் பாதையின் வாயை அடைத்திருந்தது. இருபுறமும் பனிச்சுவர் ட்ராக்டரின் இருக்கைக்கு மேல் உயர்ந்து நின்றது. பின்னோக்கியே அந்த மேட்டைத் தின்று, சாலை வரை வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து மரம் ஏற்றிய லாரிகள் வரும் சாலை. இருக்கையில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

ரூடி மேட்டின் மேல் கையை ஊன்றி ஏறி, சாலையோரத்தில் இறங்கினான். சுவரின் விளிம்புக்கு மேல் அவன் தலை மட்டும் தெரிந்தது.

"எஞ்சின நிறுத்து" என்று கத்தினான்.

அவள் சாவியைத் திருப்பினாள். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் போனதும் பனிக்கே உரிய அந்த அமைதி வந்து இறங்கியது. எங்கோ ஒரு கிளை சுமை தாங்காமல் பனியைக் கொட்டியது. ரூடி தொப்பியின் காதுமடல்கள் இரண்டையும் தூக்கிவிட்டான். தலை குனிந்து, முதலில் வளைவின் பக்கம் காதைக் கொடுத்தான், பிறகு ஊர்ப் பக்கம், மறுபடியும் வளைவின் பக்கம். காதுகள் சிவந்துபோயிருந்தன. கார்லீனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாரி எதுவும் வராததால் கேட்கவில்லையா, தன் காதுக்குத்தான் எட்டவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் கையை உயர்த்தினான். விரல்களை மடக்கி மடக்கி, வா, வா என்றான்.

கார்லீன் சாவியின் மேல் கையை வைத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.